கருத்துக் கேட்புக் கூட்டம்

கடைசி வரிசையில் அந்தப் பெண் இன்றும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சுவரோரத்து நாற்காலி, மடியில் கைப்பை, சுவரில் சாய்ந்த தலை, லேசாகத் திறந்த வாய். ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கோலம்தான்.

மைக்கில் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே சுகாதார ஆய்வாளர் அவளைப் பார்த்தார். பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பகுதி மக்களுக்கு உடம்புக்கும் மனசுக்கும் என்ன தேவை என்று மக்கள் வாயாலேயே கேட்டுச் சொல்ல வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதற்காகத்தான் வாராவாரம் இந்தக் கூடமும் மைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். முதல் வாரம் உட்கார இடமில்லை. போகப் போகக் கூட்டம் கரைந்து, இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற அளவில் வந்து நின்றது.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற வங்கிக்காரர் தெருநாய் விஷயத்தைக் கையில் எடுத்தால் கீழே வைக்கமாட்டார். தையல்காரர் தன் முதுகுவலியில் ஆரம்பித்து மாமனார் சொத்தில் கொண்டுபோய் முடிப்பார். நடைப்பயிற்சிக்குப் பாதை வேண்டும் என்று கேட்டவர், அடுத்த தெருவிலிருந்து காரில் வந்திருந்தார்.

ஆனாலும் அவர்கள் வாயைத் திறந்தார்கள்.

இவள் எல்லோருக்கும் முன்னால் வருவாள். அவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தன் பேச்சில் ஏற்ற இறக்கம் கிடையாது என்பது ஆய்வாளருக்கே தெரியும். தூக்கம் வராத நாட்களில் அவர் மனைவி, உங்கள் ஆபீஸ் கதையைக் கொஞ்சம் எடுத்துவிடுங்களேன் என்று கேலி செய்வாள். அதற்காக, ஊர்க் கூட்டத்துக்கு வந்து இப்படியா தூங்குவது? தூங்குவதற்கு வீடு இல்லையா?

அவருக்கும்தான் தூக்கம் வந்தது. காலையிலிருந்து நடந்த நடையில் கால் வீங்கி, மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு மேலிடத்தில் போய் நிற்க வேண்டும். எல்லோரையும் கேட்டாயா என்றுதான் முதல் கேள்வி வரும். இன்றைக்கு இவள் வாயிலிருந்து ஒரு தேவையையாவது வாங்காமல் விடுவதில்லை என்று அவருக்கு வீம்பு பிறந்துவிட்டது.

கடைசியாக வங்கிக்காரர் நாய்களைப் பற்றி இன்னொரு முறை நினைவூட்டிவிட்டுக் கிளம்பினார். கூடம் காலியானது. அவள் அசையவில்லை.

ஆய்வாளர் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு கடைசி வரிசைக்குப் போனார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வாயில் தயாராக வைத்திருந்தார்.

கிட்டத்தில் போனதும் பவுடரும் மருந்துக் களிம்பும் கலந்த வாசனை வந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அதிர்ந்தது.

ஆபீஸ் நர்ஸ் பேசினார். கூட்டம் முடிந்துவிட்டதா, தான் கிளம்பலாமா என்று கேட்டார்.

எங்கிருந்து கிளம்ப என்று ஆய்வாளருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வீட்டில், கூட்டம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் நர்ஸ் போய்ப் பார்த்துக்கொள்வார் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்ததே அவர்தான். ஒரே ஒரு வீடுதான் கேட்டிருந்தது. அது யார் வீடு என்று அவர் விசாரித்ததில்லை.

நர்ஸ் வெள்ளந்தியாகப் பேசிக்கொண்டே போனார். புருஷனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதாம். இத்தனை வருஷம் படுத்த உடம்பில் ஒரு புண்கூட இல்லையாம். ராத்திரி முழுக்க விழித்திருந்து புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தால் ஒழிய இது நடக்காது என்றார். அறையில் கட்டில் ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கென்று ஒரு பாய் தலையணைகூடக் கண்ணில் படவில்லை என்றார். இருந்தும் ஒரு வாரம் தவறாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு ஓடிவிடுகிறாராம், ஊர் விஷயத்தில் அவ்வளவு அக்கறையாம்.

ஆய்வாளர் போனைக் காதிலிருந்து இறக்கினார். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கூடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் அவளை உலுக்கியிருக்க வேண்டும். திடுக்கிட்டுக் கண் விழித்தாள். எதிரே நிற்பவரைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய், கால் செருப்பைத் தேடியது.

"முடிஞ்சிருச்சா சார்?"

"இல்லம்மா. இன்னும் நிறைய இருக்கு. நீங்க உட்காருங்க."

காலி நாற்காலிகள் அவள் கண்ணில் பட்டனவா என்று தெரியவில்லை. நம்பியதுபோல் மெல்லத் தலையாட்டினாள். தலை தானாகவே சுவரைத் தேடிப் போய்ச் சாய்ந்தது.

அவர் ஓசைப்படாமல் நாலடி தள்ளிப் போய்ப் போனைக் காதில் வைத்தார். ஜனங்கள் இப்போதுதான் மனசுவிட்டுப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள், முடிய ரொம்ப நேரம் ஆகும், அதுவரை அங்கேயே இருக்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நர்ஸ் சரி என்றார்.

ஆய்வாளர் மேஜைக்குத் திரும்பி மைக்கை எடுத்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்து, சாக்கடை அடைப்பைப் பற்றி முதலிலிருந்து பேசத் தொடங்கினார்.