மாப்பிள்ளை செய்த கத்திப்பிடி

"மூணு லிட்டர் பாலைத் திரிச்சு ஒரு கத்திப்பிடியா? அந்தப் பால்ல தெருவுக்கே பாயசம் வெச்சிருக்கலாமே, மாப்ள!"

காசிநாதன் ஆரம்பித்துவிட்டார். ஆண்டிமடத்தில் அவருடைய முந்திரிக் கொல்லைக்கு எவன் வந்தாலும் மரியாதையாகப் பேசி அனுப்புவார். சொந்த மருமகனை மட்டும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

மருமகன் மணிமாறன் பெரம்பலூரில் வேதியியல் வாத்தியார். அதோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பான். போன வருஷம் மாமியாருக்கு ஒரு சூரிய அடுப்பு செய்து கொடுத்தான். காலையில் அதில் வைத்த அரிசி, சாயங்காலம் வரைக்கும் ஊறிக்கொண்டுதான் இருந்தது. சொந்தக்காரர்கள் ஒரு மாசம் சிரித்தார்கள்.

ஆனால் இந்தக் கத்தி விஷயம் வேறு. பாலைக் காய்ச்சி, வினிகர் ஊற்றித் திரித்து, பிழிந்து, நிறத்துக்குக் காபித்தூள் கலந்து, அச்சில் அழுத்திக் காயவைத்து, மாமனாரின் மடக்குக் கத்திக்குப் பிடி போட்டுக் கொடுத்தான். ஆறு மாசம் ஆயிற்று. மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது. பிடியில் ஒரு கீறல் இல்லை.

"அந்தக் காலத்துல வெளிநாட்டுல சட்டைப் பட்டன், கத்திப்பிடி எல்லாம் இதுலதான் பண்ணினாங்க, மாமா. பால் பிளாஸ்டிக்கு!"

"அப்புறம் ஏன் விட்டாங்களாம்?"

"தண்ணி பட்டா ஊறிடும், காஞ்சா வெடிச்சிடும்னுதான். என்னோடதப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு!"

"ம்க்கும்" என்றார் மாமனார்.

அந்த வீட்டில் அவனை மதித்தது ஜிம்மி மட்டும்தான். போஸ்ட்மேன் முதல் பெரிய மருமகன் வரை எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற நாய், மணிமாறனைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். கையை நக்கும், பையை மோந்து பார்க்கும்.

அன்றைக்கு அந்தப் பெரிய மருமகன் அறிவழகனும் வந்திருந்தார். அரியலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சகல, இது பாலும் இல்ல, மோரும் இல்ல. கடையில வாங்கின பிளாஸ்டிக்கு. யாரு காதுல பூ சுத்துற?"

மணிமாறனின் மனைவி வேணி தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஒரு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வெச்சாத் தெரிஞ்சிடும், சகல. பாலா இருந்தா பால் தீஞ்ச வாசனை வரும். வரலைன்னா நான் இந்த வூட்டு வாசப்படி மிதிக்கல!"

"சரி, வெச்சுக் காட்டு!"

"என் கத்தியில எவனும் சூடு வெக்கக் கூடாது" என்று அதட்டினார் காசிநாதன்.

"பாத்தியா, மாமாவுக்கே நம்பிக்கை இல்ல" என்று சிரித்தார் அறிவழகன்.

இதற்கு மேல் என்ன அவமானம் வேண்டும்? மணிமாறன் விடாப்பிடியாக மெழுகுவத்தியை ஏற்றினான்.

மாமியார் ராசாத்தி பாத்திரம் விளக்கக் கொல்லைப்பக்கம் கிளம்பினாள். "ஏங்க, அடுப்புல பால் இருக்கு. பொங்காமப் பாத்துக்கங்க."

"என் கத்தி பாழாப் போறத நான் பாக்க மாட்டேன்" என்று முணுமுணுத்தபடி காசிநாதன் அடுப்படிக்குப் போனார். மருமகனுக்குத் துணையாகப் பக்கத்தில் நிற்கக்கூட மனசில்லை. என்ன மனுஷனோ!

ஊசி சிவந்தது. மணிமாறன் அதைப் பிடியில் வைத்தான். மெல்லியதாகப் புகை வந்தது. அறிவழகன் மூக்கை நீட்டினார்.

"என்னமோ முடி பொசுங்கின மாதிரி இல்ல வருது..."

மணிமாறன் வேணியைப் பார்க்கவே பயந்தான்.

கொஞ்ச நேரம்தான். குப்பென்று கூடம் முழுக்க வாசனை அடித்தது.

"அட, ஆமாய்யா! பால் தீஞ்ச வாசனையேதான்! சகல, தப்பா நெனச்சுக்காத. இனிமே உன்னக் கிண்டல் பண்ணினா ஏன்னு கேளு!"

வேணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பியபோது மணிமாறனின் கால் தரையில் படவே இல்லை.

எல்லாரும் போன பிறகுதான் ராசாத்தி பிடித்துக்கொண்டாள்.

"பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? ஒரு சட்டிப் பாலும் பொங்கித் தீஞ்சு கெடக்கு! பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்ன பண்ணினீங்க?"

"தீயக் கூட்டி வெச்சேன்."

"என்னது?"

காசிநாதன் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கத்திப்பிடி மாட்டுக் கொம்பு, ராசாத்தி. ஜெயங்கொண்டத்துல ஒருத்தரப் புடிச்சு அதே கலர்ல போட்டு வாங்கினேன். சூரிய அடுப்பு அன்னிக்கு நம்ம வேணி மொகத்தப் பாத்தேல்ல? இன்னொரு தடவ அத என்னால பாக்க முடியாது."

ராசாத்திக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "அவ்வளவு பாசம் வெச்சிருக்கிறவரு, வாயத் தொறந்து ஒரு வார்த்த பாராட்டினா என்ன?"

"பாராட்டினா இன்னொண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டு வந்துடுவாரு!"

"அப்ப, அவரு செஞ்ச பால் பிடி என்னாச்சு?"

பஸ் போன பக்கமே பார்த்து இன்னமும் வாலை ஆட்டிக்கொண்டிருந்த ஜிம்மியைக் காட்டினார் காசிநாதன்.

"மொத நாளே தின்னுப்புடுச்சு. பின்ன, மாப்ளையக் கண்டா மட்டும் அது ஏன் இந்தக் கொஞ்சு கொஞ்சுதுன்னு நெனச்ச?"