யார் அழைப்பது

அரிசி ஆலையின் ஒரு கூரையில் அக்கா மதுரவல்லி, எதிர்க்கூரையில் தங்கை குமுதா. ஒயர் இல்லாமலே இயந்திரங்களைப் பேசவைக்கும் பெட்டியை ஆளுக்கொன்றாகப் பொருத்தியிருந்தார்கள். ஒன்று அழைக்க வேண்டும், விளக்கு படபடக்கும். மற்றது காத்திருக்க வேண்டும், விளக்கு நிதானமாக மினுங்கும். இரண்டுமே படபடத்தன; இணைப்பு கிடைக்கவில்லை.

"உன்னோடதைக் காத்திருக்க வை," என்றாள் மதுரவல்லி போனில்.

"நான் ஏன் வைக்கணும்? நீ அக்காவா இருந்தாலும் உனக்கு இந்தத் தொழிலைக் கத்துக்கொடுத்ததே நான்," என்று குமுதா போனை வைத்துவிட்டாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டிகள் இணையாமல் உலர்த்தும் இயந்திரம் ஓடாது; ஈர நெல்லை உலர்த்த வழியில்லாமல் ஆலைக்காரர் அண்ணாந்து நின்றார். மதுரவல்லி யாருக்கும் தெரியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு தன் பெட்டியைக் காத்திருக்கும்படி மாற்றினாள்.

அழைப்பு வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கூரையில் குமுதாவின் விளக்கும் நிதானமாக மினுங்கியது. இரண்டு பேருமே போனைத் தொடவில்லை.