மாட்டு வாகடம்

“பொன்னாடையும் வேணாம், மேடையும் வேணாம் டீச்சர். நான் வரல,” என்றார் துரைராசு.

சுடர்விழிக்குச் சுருக்கென்றது. பத்து மணிக்கு விழா. கல்வி அதிகாரியின் கார் கும்பகோணத்தைத் தாண்டிவிட்டதாக ஹெச்.எம். இரண்டு தடவை ஃபோன் பண்ணிவிட்டார்.

பள்ளியில் ‘நம் முன்னோர் அறிவு’ கண்காட்சி. பூஜ்யம், ஆரியபட்டர் என்று அட்டையில் எழுதி ஒட்டினாலே போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சுடர்விழிக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஊரிலும் யாரோ யோசித்து, செய்து பார்த்து, எழுதி வைத்திருப்பார்களே! அது பிள்ளைகள் கண்ணில் படவேண்டாமா?

விசாரித்ததில் துரைராசு வீட்டுப் பரணில் ஓர் ஏட்டுக்கட்டு இருப்பது தெரிந்தது. மாட்டு வாகடம். கோமாரிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் மருந்து சொல்லும் பழைய வைத்திய நூல். கேட்டதும் கொடுத்தார். அவள் தஞ்சாவூருக்கு நடையாய் நடந்து, ஏடு படிக்கத் தெரிந்தவரைப் பிடித்து, எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்கினாள்.

எழுதியவர் துரைராசுவின் முப்பாட்டனார் குஞ்சிதபாதம். அவர் கை வைத்தால் படுத்த மாடு எழுந்துவிடுமாம். ஊரே சொல்லும். அப்படியே போர்டிலும் எழுதிவிட்டாள்.

“பிள்ளைங்க காத்துட்டிருக்காங்கய்யா. உங்க முப்பாட்டனாருக்குச் செய்யற மரியாதை இது.”

“வேற யாருக்காவது போடுங்க.”

முகத்தைப் பார்க்காமலே பேசினார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய அப்பா இதே வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். அம்மா இவர்கள் வயலில் நாற்றுப் பறித்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள்.

“நேராவே கேக்குறேன். கீழத்தெருக்காரி கையால பொன்னாடை வாங்கிக்க மனசு ஒப்பலையா?”

துரைராசு நிமிர்ந்தார். இரைந்து கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் மஞ்சள் துணி சுற்றிய ஒற்றை ஏடு. கூடவே மடிப்பு கிழிந்த ஒரு காகிதம்.

“இது அந்தக் கட்டுல இருந்த கடைசி ஏடு. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப, திருப்பனந்தாள்லேர்ந்து வந்த ஒருத்தர் இதைப் படிச்சு எழுதிக் குடுத்தாரு. அன்னைக்கே எங்கப்பா இதை மட்டும் உருவி எடுத்துட்டாரு.”

“ஏன்யா?”

“குடும்பப் பேரு போயிடும்னுதான். அவரு மறைச்சாரு. நானும் மறைச்சேன். உங்ககிட்ட கட்டைக் குடுத்தப்பகூட இதைக் குடுக்கல.” அவர் மஞ்சள் துணியைப் பிரித்தார். “நேத்து ஸ்கூலுக்கு வந்து அந்த போர்டைப் பார்த்தேன். அதுலேர்ந்து ஒரு வாய் சோறு இறங்கல. முதல்ல பேரை மாத்துங்க டீச்சர். அப்புறம் நான் வர்றேன். கீழ உக்காந்து கை தட்டுறேன்.”

சுடர்விழி காகிதத்தைப் பிரித்தாள். வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியவள் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள். மிச்சத்தைக் கண்ணால்தான் படித்தாள்.

‘இந்த வாகடம் கீழத்தெரு வேம்பன் சொல்லச் சொல்ல, குஞ்சிதபாதமாகிய நான் கேட்டு எழுதினது. எழுத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. வைத்தியம் அவனுடையது.’