சொல்தா வீட்டுப் படி

இன்னும் மூன்று கோப்பு. அதற்கப்புறம் அது.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்தார். பின்னால் தள்ளினார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

புதுச்சேரியின் பழைய தெருக்களில் யார் தன் வீட்டு வெளிமுகத்தில் எதை மாற்றினாலும் இந்த மேசைக்கு வந்துதான் போக வேண்டும். ஜன்னலுக்குப் பச்சை அடிப்பதா நீலமா என்பது வரைக்கும். ஆறு பேர் கமிட்டி. அதில் தெருவாசிகளின் பிரதிநிதி அவர்.

நாலாவது கோப்பு, ஒரு கடையின் பெயர்ப்பலகை. பிளாஸ்டிக் கூடாது, மரத்தில் எழுதச் சொல்லுங்கள் என்று முடிந்தது.

மனு போட்டவர்கள் உட்காரும் இடத்தில், மூன்றாவது வரிசையில் பிலோமின் உட்கார்ந்திருந்தாள்.

இவள் ஏன் வந்தாள்?

ஒப்புதல் கிடைக்கப்போகிற கோப்புக்கு யாரும் நேரில் வருவதில்லை. உத்தரவு தபாலில் வரட்டும் என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அதை நம்பித்தான் அவர் இந்தக் காரியத்தில் இறங்கினார்.

ஐந்தாவது கோப்பு. ஏதோ ஒரு பால்கனி.

பிலோமின் அவருடைய எதிர்வீடு. அவள் புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கியவர். தெருவுக்கே அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சொல்தாதான்.

அவர்கள் வாசலில் ஐந்து படி. ஓரமாக, நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் வைத்துக்கொள்கிறோம் என்று மனுப் போட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரர்தான் தடுத்தார். இவரேதான்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த வரிசையில் பதினோரு வீட்டுக்கும் ஒரே அச்சில் படி. அந்த அழகைச் சொல்லிச் சொல்லித்தான் கமிட்டிக்குள்ளேயே நுழைந்தார். அதனால் முதலில், கமிட்டியின் பெயரில், அளவு வரைபடம் கேட்டார். வந்தது. குறுக்குவெட்டுப் படம் கேட்டார். அதுவும் வந்து தொலைத்தது. எந்தக் கல் போடுவீர்கள், ஒரு துண்டு கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்.

இப்படியே பதினாலு மாதம்.

வேண்டாம் என்று ஒரு நாளும் எழுதவில்லை. சாமர்த்தியக்காரர்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு சொல்தாவின் நாற்காலி நிலைவாசல் வரை வரும். அங்கேயே நிற்கும். இவர் மாடியிலிருந்து பார்ப்பார். சொல்தா நல்ல கையைத் தூக்கிக் காட்டுவார்.

இவரும் காட்டுவார்.

"ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்று பிலோமின் கேட்கும்போதெல்லாம், கமிட்டி விஷயம், மெல்லத்தான் நகரும் என்பார். அவள் நம்பினாள்.

போன மாதம் சொல்தாவை அந்த ஐந்து படி வழியாகத்தான் இறக்கினார்கள். பெட்டி கொஞ்சமும் சாயவில்லை. மாலையோடு போய் நின்ற இவரிடம், "நீங்களும் எங்களுக்காக எவ்வளவோ அலைஞ்சீங்க" என்று சொல்லி அழுதாள்.

அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போனார். அலமாரியைக் குடைந்து, கோப்பைத் தன் கையாலேயே எடுத்து, அடுத்த கூட்டத்துக்கான கட்டில் சேர்த்தார். செத்துப்போனவருக்குச் சாய்தளம். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அந்தக் கோப்பு முடியாமல் கிடப்பதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆறாவது கோப்பு முடிந்தது. அது என்னவென்று அவர் காதில் விழவில்லை.

"ஏழு" என்றாள் தலைவி.

பொறுப்புக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சின்ன வயது, சுறுசுறுப்பு. மேலே இருந்த தாளைப் படித்தாள். அதைப் புரட்டினால் அடுத்த தாளில் அவர் எழுதிய கேள்வி, கீழே அவர் கையெழுத்து. அதற்கடுத்ததில் இன்னொன்று. அதற்கும் அடியில் ஒன்று.

அவர் ஆறின டீயை எடுத்து வாயில் வைத்தார்.

அவள் புரட்டவில்லை.

சாய்தளம்தானே, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். மற்ற உறுப்பினர்களுக்கு எந்தக் கோப்பும் மறுநாளே மறந்துபோகும். எல்லோரும் தலையாட்டினார்கள். அவரும் ஆட்டினார். முத்திரை விழுந்தது.

அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அவர் மூச்சு விட்டார். முடிந்தது. இனி எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா. நாளைக்கே வேலைய ஆரம்பிக்கலாம்."

பிலோமின் எழுந்தாள்.

"அவரு போயி முப்பத்தெட்டு நாளாவுது மேடம். இன்னிக்கு மீட்டிங்னு அவர் பேருக்கு லெட்டர் வந்துச்சு. இனிமே வேணாம்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

யாரோ ஒருவர் தாள்களை அடுக்கினார்.

தலைவிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறுதலாக எதையாவது சொல்லியாக வேண்டும். தேடினாள். மேசையின் இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த அவரைக் காட்டினாள்.

"சார் போன செவ்வாக்கிழமதாம்மா இத எடுத்து வெச்சாரு. வெச்ச ஒரே வாரத்துல முடிச்சுட்டோம்."

பாவம், நல்ல பெண். சும்மா இருந்திருக்கலாம்.

பிலோமின் அவர் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லத்தான் திரும்பினாள். வாய் பாதி திறந்து நின்றது. ஏதோ யோசித்தாள். அவள் முகத்தில் இன்னும் கோபம் வந்திருக்கவில்லை.

"நீங்க எடுத்து வெச்சா ஒரே வாரத்துல ஆயிடுமா சார்?"

பதிலுக்கு நின்றாள்.