மூன்றாவது தொட்டி

காப்பகத்தில் இருக்கும் அப்பாவை வீட்டுக்கு அழைத்துவர வேண்டுமானால், முதலில் ஒரு தொட்டிச்செடியைக் கோடை முழுக்க உயிரோடு வைத்துக் காட்ட வேண்டும். வடிவு அதுவரை ஒரு புல்லுக்குக்கூடத் தண்ணீர் விட்டதில்லை. காப்பகம் கொடுத்த ரோஜா, போகும்போதும் வரும்போதும் அவள் ஊற்றிய தண்ணீரிலேயே அழுகிப்போனது. மறுவருடம் வந்த துளசியை, பேரம்கூடப் பேசாமல் வாங்கிய உரத்தை அள்ளிக் கொட்டிக் கொன்றாள். மூன்றாவதாக வந்தது கற்றாழை. அதற்குள் அவளுக்கு இரண்டு இடத்தில் வேலை. அலுத்துப்போய்ப் பால்கனியில் வைத்தவள் அதை மறந்தே போனாள்.

கோடை முடிந்ததும் காப்பகத்திலிருந்து சோதனைக்கு வந்தவர், செடியைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பதிவு செய்து சொல்லும் அந்தத் தொட்டியின் பொத்தானை அழுத்தினார்.

"தண்ணீர் எப்போதாவது. பேச்சு கிடையாது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை," என்று தொட்டி கூசாமல் சொன்னது.

"இந்த வருஷமும் போச்சா சார்?" கேட்கவே வடிவுக்கு அலுப்பாக இருந்தது.

"செடி கும்முனு இருக்கே மேடம். பாஸ். அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

வந்த அப்பாவை அவள் மூச்சுவிடக்கூட விடவில்லை. பாலா, காபியா, ஃபேனைக் கூட்டவா, தலையணை வேண்டுமா என்று சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ரோஜா கதையெல்லாம் அங்கேயே சொன்னாங்க," என்றார் அப்பா. "என்னைக் கத்தாழக் கணக்குல சேத்துக்கிடு தாயி. போய்ப் படு."

வடிவு படுத்ததும் தூங்கிவிட்டாள். அப்பா டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் கற்றாழைக்கு ஊற்றினார்.

"போதும்," என்றது தொட்டி.

"சத்தம் போடாத, அவ முழிச்சிருவா."