மொரிவிவி

"குழந்தைங்க தோட்டத்துல போய் யாராவது முள்ளுச்செடி வைப்பாங்களா மிஸ்ஸி?"

யாரிட்சா இப்படிக் கேட்டதும் பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமாம் போட்டன.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மிஸ்ஸி ஓதாலிஸ். புயலில் மொட்டையாகிப்போன பள்ளித் தோட்டத்தில், போர்ட்டோ ரிக்கோவின் சொந்தச் செடிகளை மட்டும் பிள்ளைகள் கையாலேயே நடவைப்பது அவர் திட்டம். நிழலுக்குக் குவயாக்கான், பூவுக்கு மாகா, சோற்றுக்கு நிறம் கொடுக்க அச்சியோத்தே. எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். நட்டநடுவில் தொட்டாற்சுருங்கி என்றதும்தான் வம்பு வந்தது. ஊரில் அதற்கு 'மொரிவிவி' என்று பெயர். செத்தேன், பிழைத்தேன் என்று அர்த்தம்.

"அதை நாங்க கொத்திக் கொத்தி எறியறோம், நீங்க பாத்தி கட்டி வளர்க்கப் போறீங்களாக்கும்!" என்றாள் இன்னொரு அம்மா சொராய்தா. "அடுத்தது என்ன, கரப்பான் பூச்சிக்குக் கூண்டா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்மா," என்றார் மிஸ்ஸி. "ஏன்னு கேக்காதீங்க."

"என் பொண்ணு கால்ல முள்ளு தைச்சா நீங்களா வந்து அழுவீங்க?" என்றாள் யாரிட்சா.

மிஸ்ஸி அவளையே பார்த்தார்; பிறகு பட்டியலில் அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

'என்ன திமிர்!' என்று நினைத்துக்கொண்டாள் யாரிட்சா.

அவள் பயம் அவளுக்கு. புயலுக்கு மறுநாள், கூரைமேல் தார்ப்பாய் கட்ட ஏறிய அவள் புருஷன் வில்பிரெடோ, வழுக்கி விழுந்து அங்கேயே போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடியும்வரை மகள் அனாயிஸை ஞானத்தாய் வீட்டில் விட்டுவைத்தாள். திரும்பி வந்த பிள்ளை, "அப்பா எங்கே?" என்றபோது வாய்க்கு வந்தது இதுதான்:

"ஆர்லாண்டோவுக்கு வேலைக்குப் போயிருக்காருடி."

தீவின் பாதி அப்பாக்கள் கடல் தாண்டி அந்த அமெரிக்க ஊரில்தானே இருக்கிறார்கள். பிள்ளையும் நம்பிவிட்டது. 'எப்போ வருவாரு, எப்போ வருவாரு' என்று ராத்திரியெல்லாம் துளைத்தெடுத்தவள், கொஞ்ச நாளாய் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மறந்துவிட்டாள். மாதாவே, உனக்கு ஸ்தோத்திரம் என்று யாரிட்சா சிலுவை போட்டுக்கொண்டாள். இனி ஒரு முள்கூட அவளைத் தைக்கக் கூடாது.

நடவு நாளன்று தடித்த கையுறையோடு கிளம்பிப் போனாள். மிஸ்ஸி அசந்த நேரம் பார்த்து அந்த முள்ளுச்செடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

மற்ற பிள்ளைகள் சேற்றில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. மொரிவிவி பக்கத்தில் அனாயிஸ் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அருகே மிஸ்ஸி. யாரிட்சா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

அனாயிஸின் விரல் பட்டதும் இலைகள் மடங்கின.

"செத்துப்போச்சு," என்றாள். அசையாமல் காத்திருந்தாள். இலைகள் மெல்ல மெல்ல விரிந்தன. "பொழச்சுக்கிச்சு! நான் கேட்டேன்னுதானே மிஸ்ஸி இதை வச்சீங்க?"

"ஆமா கண்ணு."

"ஆளுங்களுக்கு இதைவிட ரொம்ப நேரமாகும், இல்ல?"

மிஸ்ஸி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "மனுஷங்க செடி இல்லையே கண்ணு."

"தெரியும்," என்றாள் அனாயிஸ், ஒரு இலையைத் தடவியபடி. "பக்கத்து வீட்டு எஃப்ரைன் சொன்னான். அப்பா கூரையிலேருந்து விழுந்ததை அவன் பார்த்தானாம்."

யாரிட்சா கையுறைக் கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட இதைப் பத்திப் பேசலாமே கண்ணு? வேணும்னா நானும் வரேன்."

அனாயிஸ் பதறிப்போய், மண் அப்பிய கையால் மிஸ்ஸியின் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ, சொல்லிடாதீங்க மிஸ்ஸி! அம்மாவுக்குத் தெரியாது. பாவம், அப்பா ஆர்லாண்டோவுலே இருக்காருன்னு இன்னும் நம்பிக்கிட்டு இருக்காங்க."