கடைசிப் பேர்

பட்டாசு ஆலை காலையில் வெடித்தது. செத்தவர்களின் பட்டியல் இப்போது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் நீல ஒளி எழுத்தர் சுதாராணியின் மூக்குக்கண்ணாடியில் அசைகிறது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் சோலைமுத்துவின் கால்களில் மிளகாய்க்காட்டுக் கரிசல் இன்னும் காயவில்லை. குளத்தூரிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்கிறார். “கடைசிப் பேரைப் பாரும்மா. எம்பொண்டாட்டி வெயிலுகந்தம்மா. எந்த லிஸ்ட்டுன்னாலும் அவ பேரு கடைசிலதான் கெடக்கும்.” சுதாராணி பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, அடிவரைக்கும் போகிறாள். “கடைசில ராமலட்சுமி, அண்ணாச்சி. அவிய பேரு இல்ல.” அவர் கம்பியில் நெற்றியைச் சாய்க்கிறார். தலைத்துண்டை உருவி முகம் முழுக்கத் துடைக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. அவள் விரல் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போய் உச்சியில் நிற்கிறது. அங்கே, அன்னபுஷ்பத்துக்கும் மேலே, இன்னொரு வரி. பேர் தெரியாமல் காலியாக விட்ட இடத்தைக் கம்ப்யூட்டர் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தியிருக்கிறது. பெண், நாற்பது வயதிருக்கும், முகம் கருகியது, இடுப்பில் பித்தளைச் சாவி ஒன்று. “அப்ப வீட்டுக்குத்தான் போயிருப்பா,” என்கிறார் சோலைமுத்து, குரல் லேசாகிவிட்டது. “நானும் போறேன்ம்மா. வீட்டுச் சாவி அவ இடுப்புலல்லா இருக்கு.”